வயதான பெற்றோருடன் ரோம் நகரம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் பெற்றோருடன் ரோம் செல்லவிருக்கிறேன். கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகங்கள், பாந்தியன் என்னும் பழைய ரோமானியக் கோயில், திரெவி நீரூற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. தங்கப்போவதோ இரண்டொரு நாட்கள்தாம். அப்பாவால் நெடுநேரம் நிற்க இயலாது என்பதால், அலைச்சல் குறைய எந்த வரிசையில் செல்லலாம் என்பதையும், எதைத் தவிர்த்தால் பெரிய இழப்பில்லை என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி:
கொலோசியத்தையும் வத்திக்கானையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் டைபர் ஆற்றின் இரு கரைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அரைநாள் போய்விடும். இரண்டுக்கும் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வரிசையில் கால்கடுக்க நிற்கும் தொல்லை பெருமளவு குறையும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் இயங்குவதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறன்று இலவசமாகத் திறப்பார்கள் என்றாலும், அன்றைய கூட்டம் உங்கள் அப்பாவுக்கு ஒத்துவராது. கொலோசியச் சீட்டிலேயே பழைய ரோமானியப் பொதுமன்றத்தையும் பாலட்டைன் குன்றையும் பார்க்கலாம்; ஆனால் அங்கே மேடுபள்ளமான கற்பாதையில் நடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, கேப்பிட்டோலைன் குன்றின் பின்புறத்தில் நின்றால் பொதுமன்றம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். பெற்றோருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

மறுமொழி:
எதைக் குறைத்தாலும் பாந்தியனில் நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முகப்பில், அங்கே முதலில் கோயில் எழுப்பிய அக்ரிப்பாவின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும், இன்று நிற்கும் கட்டடம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126இல் நிறைவுற்றது. குவிமாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து உச்சிவரையிலான உயரமும் அதுவே. இரும்புக் கம்பி ஏதுமின்றி எழுப்பப்பட்ட அந்தக் காரைக் கலவையில், மேலே செல்லச் செல்ல இலேசான எரிமலைக் கற்களைச் சேர்த்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். உச்சியிலுள்ள வட்டத் திறப்புக்கு மூடியே கிடையாது. மழை நேரே உள்ளே விழும். சற்றே சரிவாக அமைந்த பளிங்குத் தரையிலுள்ள சிறு துளைகள் வழியாக நீர் வடிந்துவிடும். 7ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக்கப்பட்டதும் அது இத்தனை காலம் நிலைத்திருக்க ஒரு முக்கியக் காரணம். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. உள்ளே அமர இருக்கைகள் உண்டு; வெயில் வட்டம் சுவரில் மெல்ல நகர்வதை அப்பா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இப்போது நுழைவுக் கட்டணம் உண்டு.

மறுமொழி:
திரெவி நீரூற்றுக்கு விடியற்காலையில் சென்றுவிடுங்கள். 1762இல் நிறைவுற்ற அதன் சிற்பங்களை, கூட்டத்தின் தலைகளுக்கு இடையே எட்டிப் பார்க்காமல், அந்த நேரத்தில்தான் நிதானமாகக் காண முடியும். பாந்தியன் அங்கிருந்து சிறிது தூர நடைதான் என்பதால் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் முடித்துவிடலாம். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதால், அம்மாவின் கைப்பையில் ஒரு சால்வை இருக்கட்டும். கொலோசியத்துக்கு அருகிலுள்ள சான் கிளெமெந்தே தேவாலயத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும், அதற்கும் கீழே பழங்கால ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்னும் தெய்வத்தின் வழிபாட்டிடமும் உள்ளன. கீழ்த்தளங்களுக்குப் படியிறங்கி நீங்கள் சென்று வரும்வரை, பெற்றோர் மேலே அமர்ந்து பொன்னிற மொசைக் ஓவியத்தை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.