முதல்முறை சொகுசுக் கப்பல் ஏறியபோது செய்த தவறுகள், நீங்களும் சொல்லுங்கள்

நாகர்கோவில், வடசேரி

போன டிசம்பரில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து 4 இரவு கப்பல் பயணம் போய்வந்தோம். பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். நான், மனைவி, பையன் சேர்த்து 5 பேர். கடல் நமக்குப் புதிதல்ல. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே முதல் வேலை கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற்றுவதுதான். அந்த நினைப்பில் கப்பலுக்கென்று தனியாக எதையும் விசாரிக்கவில்லை, ஓட்டல் ரூம் போடுவதுபோல் டிக்கெட் போட்டோம், பெட்டி கட்டினோம், கிளம்பிவிட்டோம்.

முதல் தவறு ஏறும்போதே நடந்தது. துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளை வாங்கிச் சீட்டு ஒட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள், அறைக்கு வந்துவிடும் என்றார்கள். எப்போது வரும் என்று நாங்கள் கேட்கவில்லை. மதியம் 1 மணிக்கு ஏறியவர்களுக்குப் பெட்டி வந்தது ராத்திரி 8 மணிக்கு. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அதற்குள்ளே. அத்தனை வகைச் சாப்பாடு விரித்து வைத்திருக்கிறார்கள், அப்பா ஒரு தட்டில் வெள்ளரிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு "மாத்திரை வரட்டும் மக்கா, அப்புறம் தின்னலாம்" என்று உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மருந்து, பாஸ்போர்ட், ஒரு செட் துணி, சார்ஜர், இவை கையோடு வர வேண்டும்.

அடுத்தது போன். கப்பல் கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்கிறது. அது செயற்கைக்கோள் வழியாகப் போவது, கட்டணம் வேறு, நாம் ஊரில் போட்டுக்கொண்டு போகும் வெளிநாட்டு பேக் பெரும்பாலும் அதில் செல்லாது. மனைவி போனில் போட்டோக்கள் தானாக ஏறிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஊர் வந்து பில் பார்த்தால் 7,000 ரூபாய்க்கு மேல். ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், வேண்டுமானால் கப்பலின் வைஃபையை மட்டும் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே புக்கெட்டில் நடந்ததைச் சொல்லத்தான். அங்கே கப்பல் கரைக்கு வரவில்லை, தூரத்தில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் பாத்தோங் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கடைசிப் படகு 4:30 என்று முதல்நாள் ராத்திரியே அறையில் வைத்த தாளில் இருந்தது, நான் படித்தேன், போட்டோவும் எடுத்தேன். அதில் "கப்பல் நேரம்" என்று இருந்த வார்த்தையைத்தான் நான் மதிக்கவில்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் போன்களோ கரையில் கால் வைத்ததும் தாய்லாந்து நேரத்துக்குத் தாமாகவே மாறிவிட்டன. 4 போனும் ஒரே மணி காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பையன் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான், இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். என் போனில் 3:10. அப்பா மட்டும் பழைய எச்.எம்.டி. வாட்ச் கட்டுகிறவர், சாவி கொடுக்கிறது. சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்தவர், அதன்பிறகு தொடவில்லை. அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, நாலு பத்து ஆவுதே, போவாண்டாமா?" என்றார். அப்பாவுக்குத்தான் மணி தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் ஓடி, படகுத்துறையில் நின்ற கப்பல் ஊழியரிடம் கையைக் காட்டிப் பின்னால் ஆள் வருகிறார்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்தேன். நாங்கள் 5 பேரும் ஏறியபோது மணி 4:26. படகில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்த அம்மா, கப்பலில் கால் வைக்கும் வரை விடவில்லை. தவறவிட்டிருந்தால் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பல்காரர்களே கூட்டிப்போகும் சுற்றுலா என்றால் அந்த வண்டி தாமதமானாலும் காத்திருப்பார்கள், நாமாக ஊர் சுற்றினால் காத்திருக்கமாட்டார்கள். கப்பலை விட்டு இறங்குகிற ஒவ்வொரு முறையும் கப்பல் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முக்கியமாக வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள்.

முட்டம்

அண்ணே, வாட்ச் விஷயம் படிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது.

நான் வள்ளத்தில் வளர்ந்தவன். கச்சான் என்கிற மேற்குக் காற்றிலும் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறேன், ஒருநாளும் சர்த்தித்ததில்லை, அதாவது வாந்தி எடுத்ததில்லை. பெரிய கப்பலில் முதல்நாள் ராத்திரியே சர்த்தித்தேன், எனக்கே நம்ப முடியவில்லை. கப்பல் டாக்டர் விளக்கினார், வள்ளத்தில் அலையைக் கண்ணால் பார்க்கிறோம், உடம்பும் அதற்கேற்ப வளைகிறது, ஜன்னல் இல்லாத அறையில் கண்ணுக்குச் சுவர் அசையாமல் நிற்கிறது, காதுக்குள் இருக்கும் உறுப்போ ஆடுகிறோம் என்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததுதான் தலைசுற்றல். மேல்தளத்துக்குப் போய்க் கடலும் வானமும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள், அங்கே ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேலேயும்தான் அதிகம் தூக்கிப் போடும்.

மார்த்தாண்டம், இப்போது ஷார்ஜா

நமக்கு வளைகுடாவில் ஆள் இல்லாத வீடே இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன். துபாயிலிருந்து கிளம்பி மஸ்கட், தோஹா போய் துபாய்க்கே திரும்பும் கப்பல் இருக்கிறது. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார்கள், அவர்களையும் சேர்த்து 4 டிக்கெட் எடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் இங்கே குடியிருப்பு விசா, மாமியாருக்கு விசிட் விசா, ஒரே ஒருமுறை நுழைய மட்டும். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. ஊர் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத்தானே வருகிறோம் என்று நினைத்தேன். டிக்கெட் போட்டுத்தந்த ஏஜென்டும் கேட்கவில்லை.

செக்-இன் கவுன்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண் மாமியாரைத் தனியாக நிற்கச் சொன்னார். அவர்களுக்கு விஷயம் புரியவில்லை, "எனக்கு என்ன பிள்ளே குறை?" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை, நாலு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். பணம் ஒரு திர்ஹம்கூடத் திரும்பவில்லை. காசு போனதுகூடப் பரவாயில்லை, தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரு வாரம் அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். கிளம்புகிற நாட்டின் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று கூட வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கப்பல் நிற்கும் நாடுகளின் விசா அதற்கு மேல் தனி.

குளச்சல்

நான் 7 வருஷம் பயணிகள் கப்பலில் கேபின் வேலை பார்த்தவன், இப்போது ஊரில்தான் இருக்கிறேன். பயணிகள் பக்கத்திலிருந்து எல்லாரும் எழுதுகிறீர்கள், வேலை பார்த்தவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதல்நாள் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல், அதுதான் அபாயச் சைகை. அந்தச் சத்தம் கேட்டால் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது உங்கள் அறைச் சாவிக் கார்டிலேயே அச்சடித்திருக்கும். நம் ஆட்கள் பலபேர் அந்த நேரம் பார்த்துத்தான் குளிக்கப் போவார்கள், இல்லை பஃபேயில் நிற்பார்கள். அறை அறையாகக் கதவைத் தட்டி அனுப்பியிருக்கிறேன், "எங்களுக்குக் கடல் தெரியும் தம்பி" என்று சொன்னவர்களும் உண்டு. 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியது, 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சியே இன்னும் நடக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி இருந்தது, அதன்பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒகி புயல் அடித்தபோது நான் வேறு ஏதோ கடலில் ஒரு கப்பலில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன், என் பெரியப்பா மகன் இங்கே வள்ளத்தில். 4 நாள் கழித்துத்தான் கரை சேர்ந்தான். ஒரு லைஃப் ஜாக்கெட்டின் விலை அவனுக்குத் தெரியும். 20 நிமிஷம்தான் ஆகும், போய் நில்லுங்கள் மக்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் கழிவறை. அது நம் வீட்டுக் கழிவறை மாதிரி தண்ணீரால் தள்ளுவதல்ல, காற்றால் உறிஞ்சி இழுப்பது. துணி, நாப்கின், மிச்சச் சாப்பாடு எதைப் போட்டாலும் உங்கள் அறை மட்டுமல்ல, அந்த வரிசையே அடைத்துக்கொள்ளும். கை கழுவுவதும் அப்படித்தான், வாசலில் இருக்கும் சானிடைசரைத் தேய்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக அடங்காது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், வீட்டில் சமைத்த கறி, மீன் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். சூடாகும் சாமான்களுக்குத் தடை ஏனென்றால், தீ பயம் கப்பலில் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரியது. ஸ்கேனில் தெரிந்துவிடும், எடுத்து வைத்துக்கொள்வார்கள், உங்கள் பெட்டி வருவதும் அதனால் இன்னும் தாமதமாகும்.

பணம் பற்றி ஒன்று. கையில் தரும் கார்டுதான் அறைச் சாவி, அதுதான் கடைக் கணக்கும். தேய்க்கும்போது செலவு தெரியாது. பல கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸும் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று அதில் தானாக ஏறும். கடைசி நாள் வரிசையில் நின்று சண்டை போடுவதைவிட ரெண்டாம் நாளே கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தப்பாக ஏறியிருந்தால் அன்றைக்கே திருத்தித் தருவார்கள்.

தக்கலை

நான் பள்ளி ஆசிரியை. எங்களுடையது சொகுசுக் கப்பல் இல்லை, ஆனாலும் எழுதலாம் என்று தோன்றியது. கொச்சியிலிருந்து 5 நாள் லட்சத்தீவுப் பயணம், கவரத்தி, கல்பேனி, மினிக்காய். ராத்திரி கப்பல் ஓடும், பகலில் ஒவ்வொரு தீவு.

நான் செய்த தப்பு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே போடாமல் இருந்தது. தலை சுற்றினால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுற்ற ஆரம்பித்தபிறகு விழுங்கியது அப்படியே வெளியே வந்துவிட்டது. ஏறுவதற்கு 1 மணி நேரம் முன்பே போட வேண்டுமாம். பிரஷர், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னோடு வந்த டீச்சர் கொண்டுவந்திருந்த காய்ந்த நார்த்தங்காய்த் துண்டுதான் அன்று ராத்திரி வாயில் நின்ற ஒரே பொருள்.

இன்னொன்று சேலை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை, உள்ளே ஆழம் குறைவு, கப்பல் வெளியிலேயே நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே சின்னப் படகு வந்து ஒட்டி நிற்கும், அலைக்கு அது ஆள் உயரம் ஏறுகிறது, இறங்குகிறது. படகு மேலே எழும்புகிற நொடியில் காலை வைக்க வேண்டும். நான் சேலையும் தோளில் பையுமாகக் கதவோரம் நின்று ஒருமுறை தவறவிட்டேன், ரெண்டுமுறை தவறவிட்டேன். படகுக்காரப் பையன் ரெண்டு கையையும் நீட்டி, "டீச்சரே, கீழே பார்க்காதீங்க, என் முகத்தைப் பாருங்க" என்றான். அவன் "இப்போ" என்றதும் கண்ணை மூடாமல் காலை வைத்தேன். மறுநாளிலிருந்து சுடிதார், காலில் வார் வைத்த செருப்பு, ரெண்டு கையும் காலியாக.

மினிக்காய் விளக்குமாடத்தில், அதாவது கலங்கரை விளக்கத்தில் ஏறினோம், 1885இல் கட்டியது. நம்ம முட்டம் விளக்குமாடத்தைப் பார்த்த கண்ணுக்கு அது சொந்த ஊர் மாதிரி இருந்தது.

நாகர்கோவில், வடசேரி

எல்லாருக்கும் நன்றி. குளச்சல் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒகி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தனிச் செய்தியில் ரெண்டு பேர் எந்த அறை எடுத்தோம் என்று கேட்டிருந்தார்கள். ஜன்னல் இல்லாத உள் அறைதான், விலை குறைவு. அம்மா நடு ராத்திரி எழுந்து விடிந்துவிட்டது என்று நினைத்துக் குளித்துவிட்டார்கள். அப்புறம் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் ஒன்று இருந்தது, அதைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டோம், விடியும்போது திரையும் வெளுத்தது, அதன்பிறகு குழப்பமில்லை.

முதலில் எழுதும்போது விட்டுப்போன ஒன்று. கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி 11 மணிக்குள் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவர்களே இறக்குவார்கள், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் உடுத்த வேட்டி சட்டையையும் அப்பா உள்ளே வைத்து மடித்துவிட்டார். காலையில் பார்த்தால் இடுப்பில் சாரம் (லுங்கி) மட்டும்தான். என் டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். 71 வயதில் வேட்டி இல்லாமல் வாசல் தாண்டாத மனிதர், அத்தனை பேர் நடுவில் தலை நிமிராமல் நடந்தார், எனக்குத்தான் தாங்கவில்லை. பெட்டி கிடைத்ததும் முதலில் பாத்ரூம் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தபிறகுதான் "காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார்.

டீச்சர், அம்மா இப்போது மினிக்காய் போகலாமா என்று கேட்கிறார்கள். அந்தப் படகில் கால் வைத்து இறங்குகிற இடம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிப்படுமா? உங்களோடு வந்தவர்களில் வயதானவர்கள் யாராவது இறங்கினார்களா?