டிராவல் டிரெய்லர் கதவு அடியில் இற்றுவிட்டது: புதுசு வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

வண்டிவீடு:
காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லர், 1990களில் வந்தது. கனடாவின் ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க வெளியில்தான் நிற்கிறது. கதவு 26 அங்குல அகலம், 72 அங்குல உயரம். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மாகோல், சுற்றிலும் மரச்சட்டம். அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கை வைத்தால் அமுங்குகிறது, தகடும் உப்பியிருக்கிறது. பூட்டுப் பக்கம் தொங்குவதால் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். பிரித்து மரத்தை மட்டும் மாற்றினால் தாங்குமா? மருந்தேற்றிய மரம் போட்டால் மறுபடி இற்காதுதானே?

மரவேலை:
தாங்கும். ஆனால் மருந்தேற்றிய மரம் வேண்டாம். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் செம்பு கலந்த மருந்து இருக்கிறது. ஈரம் சேர்ந்தால் அது அலுமினியத்தை அரித்துவிடும். உங்கள் கதவில் தகடும் அலுமினியம், மரத்தைச் சுற்றி மூடும் விளிம்புச் சட்டமும் அலுமினியம். சீடர் அல்லது முடிச்சில்லாத பைன் போதும்.

கதவைக் கழற்றும் முன் டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் தொங்குவது கதவு மட்டுமல்ல, சுவரோ தரையோ இறங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கதவை மட்டும் நேராக்கினால் சாத்தவே வராது.

கதவில் உள்ள ஜன்னலின் உள்வளையத் திருகுகளைக் கழற்றினால் ஜன்னல் வெளிப்பக்கமாக வந்துவிடும். பிறகு பூட்டு, கீல். அலுமினியச் சட்டத்தின் இணைப்பு எங்கே இருக்கிறதென்று தேடி அங்கிருந்து மெதுவாக விரியுங்கள். வளைந்த மூலையில் நெம்பினால் மடிப்பு விழும், அது திரும்ப நிமிராது. உரிக்க வேண்டியது உள் பிளைவுட்டை. வெளித்தகட்டை உரித்தால் நெளியும்.

பலரும் தவறுவது தடிமனில். கடையில் 1க்கு 2 அங்குலம் என்று விற்கும் கட்டையின் தடிமன் உண்மையில் முக்கால் அங்குலம்தான். இற்காத மேல்பகுதியில் பழைய மரத்தை அளந்து, 2க்கு 4 கட்டையிலிருந்து அதே தடிமனுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. கூடினாலும் அலுமினியச் சட்டம் ஏறாது. பூட்டு வரும் இடத்தில் 4க்கு 8 அங்குலமாவது முழு மரத்துண்டு வையுங்கள், கீல் திருகுகளுக்கும் அப்படியே. தெர்மாகோலில் திருகு நிற்காது.

உள் பிளைவுட்டை அடியில் மட்டும் ஒட்டுப்போடாமல் முழுசாக மாற்றுவதே நல்லது. 3 மி.மீ. பிளைவுட் 4க்கு 8 அடியில் ஒன்று வாங்கினால் கதவுக்குப் போக மீதியும் இருக்கும்.

பசைப்பிடி:
பசையைப் பற்றி. ஸ்ப்ரேயாகவும் டப்பாவிலும் வரும் சாதாரண கான்டாக்ட் சிமெண்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேலே தெரியாது, உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். பாலியூரிதேன் பசை வாங்குங்கள். அது இறுக ஈரம் வேண்டும். அலுமினியமும் தெர்மாகோலும் ஈரம் கொடுக்காது, அதனால் ஒரு பக்கம் பசை, மறுபக்கம் லேசாகத் தண்ணீர்த் தூவல். தகட்டின் உட்புறத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஒட்டுங்கள். பழைய பசைத்தூள் இருந்தால் அதோடு சேர்ந்தே பெயர்ந்து வரும்.

இந்தப் பசை நுரைத்துப் பொங்கும். மெல்லியதாகப் பூசி, சமதரையில் பிளாஸ்டிக் விரித்துக் கதவைப் படுக்கவைத்து, மேலே தடிமனான பிளைவுட், அதன்மேல் பாரத்தைப் பரவலாக ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். நடுவில் மட்டும் பாரம் வைத்தால் ஓரம் உப்பும். பாரம் ஏற்றியதும் கதவின் மூலைவிட்டங்களை மறுபடி அளந்துவிடுங்கள். இறுகிய பிறகு திருத்தவே முடியாது.

வண்டிவீடு:
நன்றி அண்ணா. அடிக்கட்டைக்கு மட்டும் பிவிசி பலகை போடலாமா?

மரவேலை:
அடியில் போடலாம், இற்காது. திருகு இழுபடும் இடத்தில் வேண்டாம், மரம் அளவுக்குப் பிடிக்காது. வெயிலில் நீளவும் செய்யும், முனைகளில் 1 மி.மீ. இடம் விடுங்கள்.

மழைத்தடுப்பு:
தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே! அடிமரம் இற்றிருந்தாலும் நுழைந்த இடம் பெரும்பாலும் ஜன்னல்தான். ஜன்னலின் வெளிவிளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள பழைய ஃபோம் நாடா சுருங்கி, மழைநீர் உள்ளே இறங்கி அடிச் சட்டத்தில் தேங்கும். குளிரில் அது உறைந்து விரியும்போது தகட்டுக்கும் தெர்மாகோலுக்கும் இருந்த ஒட்டு விட்டுப்போகும். தகடு உப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜன்னலை முக்கால் அங்குல பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்துப் பொருத்துங்கள். திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மறுநாள் இன்னொரு சுற்று. பியூட்டைல் மெதுவாகத்தான் நசுங்கும். சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் படலம் மிஞ்சிய இடத்தில் அடுத்த முறை எதுவும் ஒட்டாது. திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ், பூட்டுத் திருகு துளைகளிலும் பியூட்டைல் வையுங்கள்.

மரத்தை அடைக்கும் முன் அறுத்த முனைகளில் எபாக்ஸிப் பிசின் இரண்டு கை பூசுங்கள். அலுமினிய அடிச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் கால் அங்குலத் துளை மூன்று போட்டால் உள்ளே வந்த நீரும் வடிந்துவிடும். அந்தத் துளைகளை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் ரப்பர் பீடிங்கைக் கடைசியில் மாற்றுங்கள். ஒரு தாளைச் செருகிக் கதவைச் சாத்தி, சுற்றிலும் பத்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் பீடிங் அமுங்கவில்லை. அது பூட்டுப் பக்கம் என்றால் பீடிங்கைத் தடிமனாக்காமல் வாசல் சட்டத்தில் பூட்டு மாட்டும் தகட்டை உள்பக்கம் 1, 2 மி.மீ. நகர்த்துங்கள்.