ஆன் கிளிஃபோர்டு தந்தையின் நிலங்களை வழக்காடி வென்றாரா?

கோட்டைமதில்:
ஸ்கிப்டன் கோட்டையில் 1590இல் பிறந்த ஆன் கிளிஃபோர்டு, கம்பர்லாந்தின் மூன்றாம் ஏர்லான (ஏர்ல் என்பது இங்கிலாந்தின் உயர்குடிப் பட்டம்) ஜார்ஜ் கிளிஃபோர்டுக்கு எஞ்சிய ஒரே பிள்ளை. அண்ணன்மார் இருவரும் சிறுவயதிலேயே இறந்துவிட்டனர். அப்படியிருக்க, 1605இல் தந்தை இறந்ததும் நிலங்கள் சித்தப்பா பிரான்சிஸுக்கு எவ்வாறு போயின? அவற்றை ஆன் பின்னாளில் வழக்காடி மீட்டார் என்று ஓரிடத்திலும், வழக்கில் தோற்றார் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பழஞ்சுவடி:
பட்டம் ஆண்வழிக்கு உரியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிக்கல் நிலங்களில்தான். இரண்டாம் எட்வர்டு காலத்துச் சாசனமொன்றின்படி அவை ஆண், பெண் என்ற வேறுபாடின்றி நேர்வாரிசுக்கே சேர வேண்டும். தந்தையோ அதைப் பொருட்படுத்தாமல் தம்பிக்கு உயில் எழுதி, மகளுக்குப் 15,000 பவுண்டு மட்டும் ஒதுக்கினார். கடற்பயணங்களில் பெரும்பொருள் இழந்து கடனாளியாக இறந்தவர் அவர் என்பதையும் மறக்கலாகாது. பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டி மகளின் உரிமைக்காக முதலில் வழக்காடியவர் தாய் மார்கரெட் ரஸ்ஸல்; அந்த அம்மையாருக்கு வரலாறு உரிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

வடதிசை:
கணவரையும் சேர்த்தே பேச வேண்டும். 1609இல் ஆன் மணந்த ரிச்சர்டு சாக்வில், டார்செட்டின் ஏர்ல். சூதாட்டத்திலும் ஆடம்பரத்திலும் பணத்தைக் கரைத்தவர். நிலத்தைவிட ரொக்கமே அவருக்கு வேண்டியிருந்ததால், சமரசத்துக்கு இணங்குமாறு மனைவியை நெருக்கினார்; 1616இல் குழந்தை மார்கரெட்டைக்கூடத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பினார். மறு ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர், நிலம் சித்தப்பாவுக்கு, ஈட்டுத்தொகை டார்செட்டுக்கு என்று தீர்ப்பளித்தார். மன்னர் நேரில் கேட்டும், வட இங்கிலாந்தில் தம் குடும்ப நிலங்கள் இருந்த வெஸ்ட்மர்லாந்தை உயிருள்ளவரை விட்டுத்தர மாட்டேன் என்று ஆன் மறுத்துவிட்டதை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. மறுத்தும் பயனில்லை, தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது.

கோட்டைமதில்:
அப்படியானால் தோற்றார் என்பதே சரி. பிறகு கோட்டைகள் அவர் கைக்கு எப்படி வந்தன?

பழஞ்சுவடி:
பங்காளிகளின் ஆண்வாரிசு அற்றுப்போனதால். சித்தப்பா 1641இலும், அவர் மகன் ஹென்றி ஆண்வாரிசின்றி 1643இலும் இறந்தனர். ஆண்வழி அற்றால் சொத்து மகளையே சேரும் என்று எந்த உயில் அவரை ஒதுக்கியதோ அதே உயிலில் எழுதியிருந்தது. ஆகவே 53ஆம் வயதில் அவருக்கு உரிமையைத் தந்தது வழக்கன்று, நீண்ட ஆயுள்.

வடதிசை:
அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆன் வடக்கே போக முடிந்தது 1649இல்தான். இரண்டாம் கணவர் பெம்புரோக் ஏர்லும் மறு ஆண்டே இறந்தார். அதன்பின் ஸ்கிப்டன், ஆப்பிள்பி, புரூம், பிரஃப், பென்டிராகன் ஆகிய கோட்டைகளைப் பழுதுபார்த்து, தம் பரிவாரத்தோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி வாழ்ந்தார். 1616 ஏப்ரல் 2 அன்று தாயிடம் கடைசியாக விடைபெற்ற இடத்தில், புரூம் கோட்டைக்கு அருகே, ஒரு தூணை நாட்டி, ஆண்டுதோறும் அதே நாளில் ஏழைகளுக்கு 4 பவுண்டு வழங்க ஏற்பாடு செய்தார். தூண் இன்றும் நிற்கிறது. முதல் மணத்தில் பிறந்த மகன்கள் எவரும் பிழைக்கவில்லை. மார்கரெட், இசபெல்லா என்னும் இரு மகள்களே எஞ்சினர். 1676இல் ஆன் இறந்தபின், வெஸ்ட்மர்லாந்து நிலங்கள் மூத்த மகள் வழியாக டஃப்டன் குடும்பத்துக்குச் சென்றன.