சின்னவன் ஹிஃப்ழு நிறைவு

பேட்டை மாமி: அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறவு சின்னவன் ஹிஃப்ழு (குர்ஆன் மனப்பாடம்) நிறைவு. எல்லாரும் வந்துருங்க. குர்ஆன்ல தக்வீர் சூரா (அத்தியாயம்) ஓதப்போறான், எகிப்து காரி (குர்ஆன் ஓதுறவர்) அப்துல் பாசித் மாதிரியாம்

துபாய் காக்கா: மாஷா அல்லாஹ் 👏

கடையநல்லூர் லாத்தா: சாப்பாடு என்ன மாமி

ஹஸரத் மாமா: வஅலைக்குமுஸ்ஸலாம். மைனி, அப்துல் பாசித் வேண்டாம். அவிய ஒரே மூச்சுல பல ஆயத்து (வசனம்) கடந்துருவாவ. 12 வயசுப் பயலுக்கு அந்த மூச்சு எங்க இருக்கு? கடைசி ஆயத்துல "வமா தஷாஊன" (நீங்க நாட மாட்டீங்க)ன்னு மூச்சு வாங்கி நின்னா, "அல்லாஹ் நாடினாலே தவிர"ங்கிறது விட்டுப்போயி அர்த்தமே அந்து போவும். அப்படி நின்னுட்டா திரும்ப "வமா"வுலேருந்து எடுக்கணும். ஹுஸரியக் கேக்கச் சொல்லுங்க

துபாய் காக்கா: எந்த ஹுஸரி

பெரிய மாமா: ஆரம்பிச்சிட்டான்

ஹஸரத் மாமா: மஹ்மூத் கலீல் அல் ஹுஸரி. 1917ல எகிப்துல தன்தா பக்கத்துக் கிராமத்துல பொறந்தாவ. 8 வயசுல ஹாஃபிழ் (முழுக் குர்ஆனும் மனப்பாடம்). பொறவு அஸ்ஹர் பல்கலைக்கழகத்துல பத்து கிராஅத்தும் (ஓதுற முறை) படிச்சாவ. முழுக் குர்ஆனையும் முரத்தலா (நிதானமா, சீரா ஓதுறது) முதல்ல பதிஞ்சது அவியதான், 1961ல, ஹஃப்ஸ் ரிவாயத்து (ஓதல் வழி). பொறவு வர்ஷுங்கிற இன்னொரு வழியும் பதிஞ்சாவ. இழுப்பு, அலங்காரம் கிடையாது. எழுத்து எழுத்தா விழும், பயலுவ படிக்க அதுதான் தோது

கடையநல்லூர் லாத்தா: நெய்ச்சோறா பிரியாணியா

பேட்டை மாமி: நெய்ச்சோறு, தால்சா

கடையநல்லூர் லாத்தா: போன கல்யாணத்துல மாதிரி தால்சா பத்தாம ஆயிராம 🙂

பெரிய மாமா: அத ஏன் இப்ப இழுக்க

ஹஸரத் மாமா: ஒரு ஆயத்து கேட்டு நிறுத்தணும், கூடவே ஓதணும், பொறவு தனியா ஓதி ஃபோன்ல பதிஞ்சு ஒத்துப் பாக்கணும். விரல மடக்கி எண்ணச் சொல்லுங்க: சாதா மத்து (எழுத்த நீட்டுறது) 2 எண்ணிக்கை, முத்தஸில் (நீட்டுக்கு அடுத்து அதே சொல்லுல ஹம்ஸா எழுத்து வாரது) 4 இல்லன்னா 5. 11வது ஆயத்து "ஸமாஉ"ல 4 எடுத்தா கடைசி "தஷாஊன"லயும் 4தான். 15, 16வது ஆயத்துதான் வம்பு. 15ல "ஃகுன்னஸ்", தொண்டை மேல்பக்கத்துலேருந்து வார ஃகா; 16ல "குன்னஸ்", சாதா காஃப். நம்ம பயலுவ ரெண்டையும் ஒண்ணா ஓதிருவானுவ. ரெண்டுலயும் நூன் அழுத்தத்துக்கு மூக்குல 2 எண்ணணும்

துபாய் காக்கா: 👍👍

ஹஸரத் மாமா: சுதிய கீழ பிடிச்சு ஆரம்பிக்கட்டும். மேல போனா 14வது ஆயத்துல தொண்ட கம்மிரும். மைக்கு வாயிலேருந்து ஒரு சாண்

பெரிய மாமா: மைக் செட்டு யாரு சொன்னா?

பேட்டை மாமி: நீங்கதான சொல்லுதேன்னீங்க

பெரிய மாமா: எப்ப

கடையநல்லூர் லாத்தா: 50 பேருக்கு சீரகச்சம்பா 5 கிலோவா 6ஆ

பேட்டை மாமி: 6 போடு. தம்பி, அவன் அப்துல் பாசித்துதான்னு நிக்கான். நீங்களே வந்து சொல்லுங்க

ஹஸரத் மாமா: வியாழன் இஷாவுக்குப் பொறவு வாரேன். முடிஞ்சா

கடையநல்லூர் லாத்தா: தேங்காச்சோறுன்னா இன்னும் செலவு கம்மி மாமி, யோசிங்க