ஸ ரி க ம-வும் பியானோவும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை:
மகளுக்குச் சனிக்கிழமை காலையில் வாய்ப்பாட்டு, பின்னேரம் பம்பலப்பிட்டியில் பியானோ. ஒருநாள் பியானோ மிஸ் வரமுன்னம், காலையில் படித்த சரளிவரிசையை (கர்நாடக இசையின் ஆரம்பப் பயிற்சி) சி-யை ஸ-வாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். மிஸ் கேட்டுவிட்டு, இது என்ன அரபுப் பாட்டா என்றார். அது மாயாமாளவகௌளை ராகம், 15-ஆவது மேளம் (தாய் ராகம்). சி மேஜரில் (சி-யிலிருந்து வரும் வெள்ளைக் கட்டைகள்) டி-யையும் ஏ-யையும் அரை ஸ்தானம், அதாவது பக்கத்துக் கறுப்புக்கு, இறக்கினால் அதுதான். மேற்கத்திய இசைக்காரர் இதை டபிள் ஹார்மோனிக் என்கிறார்களாம்.

அப்புறம் மிஸ்ஸே ஒன்றைக் காட்டினார். சி மேஜரை நடுவில் பிரித்தால் இரண்டு பாதியும் ஒரே இடைவெளி: முழு, முழு, அரை. மாயாமாளவகௌளையிலும் அப்படித்தான், ஆனால் அரை, ஒன்றரை, அரை. ஸ ரி க ம பிடிபட்ட பிள்ளைக்கு ப த நி ஸ பாதி வந்த மாதிரி. புரந்தரதாசர் இதை ஆரம்பப் பாடமாக்கினார் என்பார்கள். இந்த வசதியும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
எனக்கு நடந்தது சேர்ச் குவயரில். மேஜரும் சங்கராபரண ராகமும் ஒரே ஏழு ஸ்வரம்தானே, ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுவது சுகம் என்று போனேன். ஆனால் என் நி தானாக மேல் ஸ-வைத் தொட்டு அசையும்; கமகம் என்பது அதுதான். "தங்கச்சி, அந்த நோட்டை ஆட்டாதீங்கோ, கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) குழம்புது" என்றார் நடத்துபவர். சரி என்று நேராகப் பிடிக்கப் பழகினேன். அடுத்த கிழமை சங்கீத வகுப்பில் டீச்சர், "ஏன் பிள்ளை, கமகம் எங்க?" இப்போது ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு தொண்டை வைத்திருக்கிறேன்.

தெஹிவளை:
நான் கல்யாணவீடுகளில் கீபோர்ட் வாசிப்பவன். பாடும் அக்கா தன் சுருதியை "ஐந்தரை" என்பார், கிட்டார் தம்பி "கீ என்ன அண்ணா?" என்பான். சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் ஐந்தாவது ஜி. அதற்கும் ஆறுக்கும் இடையிலுள்ள கறுப்புத்தான் ஐந்தரை, ஜி ஷார்ப். ஸ-வுக்கு நிரந்தர இடம் இல்லை, பாடுபவரின் குரல்தான் அதைத் தீர்மானிக்கும் என்பது தம்பிக்கு இன்னும் அதிசயம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து பாருங்கோ. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்லி, சுருதிப்பெட்டியை எஃப் ஷார்ப்பில் விடுங்கோ: மோகன ராகம். சுருதியை ஏ ஷார்ப்புக்கு மாற்றினால் அதே ஐந்து கட்டை ஹிந்தோளம். ஜி ஷார்ப்பில் என்ன வரும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வெள்ளவத்தை:
மத்தியமாவதி! மகள் கத்திச் சொல்கிறாள்.