பிடுங்கப் பிடுங்க வரும் கோரை: வடசென்னை வீடுகளில் களை எடுப்பது எப்படி?

(பலர் சொன்ன வழிகள் இவை. ஒவ்வொன்றின் மேலும் சொன்னவரின் பெயரோ ஊரோ இருக்கிறது.)

மாதவரம் தோட்டக்காரர்

"பிடுங்கி பத்து நாள் ஆகல, மறுபடி மொளச்சிடுச்சு" என்றால் அது பெரும்பாலும் கோரை. பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் புல் இனம் இல்லை. பூத்தண்டை விரலில் உருட்டுங்கள், மூன்று பட்டையாகத் தட்டுப்படும். மண்ணுக்குள்ளே அதன் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்து ஓடும். நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை தூங்கும். மேலே பிடித்து இழுத்தால் சங்கிலி அறுந்து, தூங்கினது எல்லாம் எழுந்துகொள்ளும். ஒன்றுக்கு நாலாக வருவது அதனால்தான்.

மாதவரம், மணலி பக்கத்துக் களிமண் காய்ந்தால் கடப்பாரை இறங்காது. சேறாக இருந்தால் கிழங்கு வழுக்கி உள்ளேயே நின்றுவிடும். மழை விட்டு 2, 3 நாள் போகட்டும். புட்டு மாவுப் பதம், அதாவது பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரணும். அப்போது மண்வெட்டியால் முக்கால் அடி முதல் ஒரு அடி ஆழம் வரை புரட்டி, மணல் சலிக்கும் சல்லடையில் மண்ணைத் தட்டுங்கள். கருப்பாகக் கடலை அளவில் வருவதெல்லாம் கிழங்கு. மொட்டைமாடித் தரையில் நல்ல வெயிலில் ஒரு வாரம், சுருங்கிக் கல்லாகும்வரை பரப்பி வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்குப் போடலாம். உரக்குழிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள், உரத்தோடு சேர்ந்து எல்லாத் தொட்டிக்கும் போய்ச் சேரும்.

தப்பினது முளைக்கும். 2 வாரத்துக்கு ஒருமுறை, புதுக் கிழங்கு கட்டுவதற்குள், கொத்துக்கரண்டியை ஆழமாக விட்டு வேரோடு எடுங்கள். ஒரே பருவத்தில் தீராது, இரண்டு மழைக்காலமாவது பிடிக்கும்.

கொளத்தூர் அக்கா

காலி இடமாக இருந்தால் கத்திரி வெயிலை வீணாக்காதீங்க. மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நல்லா நனையத் தண்ணி விட்டு, மேலே பாலித்தீன் ஷீட்டை இழுத்துப் போர்த்தணும். ஷீட் மண்ணோட ஒட்டியிருக்கணும், ஓரத்தை அரை அடி பள்ளம் எடுத்துப் புதைக்கணும். 4 முதல் 6 வாரம். கறுப்பு ஷீட் வாங்கி வந்துடுறாங்க, அங்கதான் தப்பு. வெயில் ஊடுருவி மண்ணைச் சுடவைக்க, கண்ணாடி மாதிரி தெரியற ஷீட்தான் வேணும். மேல்மண்ணுல கிடக்கிற விதை பெரும்பாலும் வெந்துடும். ஆழத்துல இருக்கிற கோரைக்கிழங்கு தப்பிச்சுடும், அதோட முளை ஊசி மாதிரி ஷீட்டையே குத்திக்கிட்டு வரும். ஓட்டை விழுந்த இடத்துல டேப் ஒட்டுங்க, இல்லேன்னா சூடு வெளியே போயிடும்.

திருவொற்றியூர்

கடற்கரை மணலில் கோரை பிடுங்கினால் சுலபமாகக் கையோடு வரும், மேலே சொன்ன பாடு இல்லை. ஆனால் எண்ணூர் வரைக்கும் மணலில் படர்ந்திருக்கும் அடும்பையும் இராவணன் மீசையையும் களை என்று பிடுங்க வேண்டாம். மணல் காற்றில் போகாமல் பிடித்து வைப்பவை அவைதான்.

மணலி புதுநகர்

பார்த்தீனியம் என்ற களைக்குத் தனியாச் சொல்லணும். வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் வெந்த மாதிரி ஆகும், மகரந்தம் மூச்சையும் இழுக்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க். பூ வருமுன்னே, ஈர மண்ணில், வேரோடு. பூத்த பிறகு மெஷின் வைத்து வெட்டினால் விதையைத் தெளிக்கிற வேலைதான், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். இலையில் வெளிர் மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் செடியைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு.

செடி எதுவும் வளர்க்கப்போவதில்லை என்ற காலி மனைக்கு, லிட்டருக்கு 200 கிராம் கல் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். பூக்குமுன் நல்ல வெயிலில் இலை நனைய அடிக்கணும்.

இடுப்பளவுக்கு வளர்ந்த மனைக்குள் போகும் முன் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், கம்பூட் போடுங்கள். கண்ணாடி விரியன் இருக்கிற ஊர் இது. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் 108. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விடலாம். தண்ணீர் தேங்கிய இடமென்றால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது.

வியாசர்பாடி

மணலி சார், அந்த உப்பை வீட்டு வாசலுக்கும் கொண்டு வந்துடப் போறாங்க. உப்பு மண்ணை விட்டுப் போகாது, மழையில் வேப்பமரத்து வேருக்கும் போகும், கேட் கம்பத்தையும் அரிக்கும். தளக்கல் இடுக்குப் புல்லுக்குக் கொதிநீர் போதும். ஒரு இடுக்குக்கு ஒரு டம்ளர், நிதானமா, செருப்புக் காலோட இல்லாம ஷூ போட்டு. வாரம் ஒருதரம், மூணு நாலு தரம். அப்புறம் பழைய கத்தியால் சுரண்டி எடுத்துட்டு, சலிச்ச மணலை இடுக்கு நிறைய அடைச்சுடுங்க. அடைக்காம விட்டா தூசி சேர்ந்து மறுபடி விதை உட்காரும். சமையல் வினிகர் 5 சதவீதம்தான், குருத்துப் புல்லைக் கருக்கும், அருகம்புல்லையும் கோரையையும் ஒண்ணும் பண்ணாது. மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஊத்தவே ஊத்தாதீங்க, போர் தண்ணியில்தான் போய் நிற்கும்.

மாதவரம் தோட்டக்காரர்

களைக்கொல்லி கேட்டு இன்பாக்ஸில் வருகிறார்கள். கிளைபோசேட்டை, பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். தவறிக் குடித்தால் மாற்றுமருந்து கிடையாது, அதைத் தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைப்பது பெரிய ஆபத்து. பத்தடிக்குப் பத்தடி வாசலுக்கு இதெல்லாம் எதுக்கு?

பெரம்பூர் மாடித்தோட்டம்

பழைய பிளெக்ஸ் பேனர் விரிச்சு மூடலாமா அண்ணே?

மாதவரம் தோட்டக்காரர்

சில மாதத்துக்கு வெளிச்சத்தை அடைக்கும், ஆனால் வெயிலில் பொரிந்து துண்டு துண்டாக மண்ணில் கலந்துவிடும், பொறுக்கி எடுக்க முடியாது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, டேப்பையும் பின்னையும் எடுத்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி பரப்பி நனையுங்கள். அதன்மேல் 3, 4 அங்குலம் காய்ந்த சருகு. செடித் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். கோரை இருக்கிற இடத்தில் முதலில் கிழங்கை எடுத்துவிட்டுத்தான் அட்டை.