கிரில் எண்ணெய் மாத்திரை: பென்குயினைப் பட்டினி போடுவது நாமா, நீரோட்டமா?

பனசங்கரி பாஸ்கர்
மூட்டுவலிக்கு நல்லது என்று ஜெயநகர் மருந்துக்கடைக்காரர் கிரில் என்ற இறால் மாதிரிச் சின்ன உயிரியின் எண்ணெய் மாத்திரையை எடுத்து நீட்டினார். வீட்டில் பொண்ணு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது பென்குயின் சாப்பாடுப்பா" என்று ஒரே ரகளை. சரி, கணக்குப் பார்ப்போம். அண்டார்டிகா கடலில் கிரில் 30 கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கப்பல்கள் பிடிப்பது வருஷத்துக்கு ஐந்தாறு லட்சம் டன். கால் சதவீதம்கூட இல்லை. அங்கே யார் சாப்பிடணும், யார் பட்டினி கிடக்கணும் என்று முடிவு செய்வது நீரோட்டம்தான். அந்தக் கண்டத்தைச் சுற்றி ஓடும் நீரோட்டம் நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்குக் குறையாமல் தண்ணீரைத் தள்ளுகிறது. உலகத்து ஆறுகளை எல்லாம் சேர்த்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தேறும். இதற்கு முன்னால் நாலு கப்பல் எம்மாத்திரம்?

மாரத்தஹள்ளி தாமஸ்
அண்ணாச்சி, மொத்தக் கணக்கு காட்டுறது பெரிய கம்பெனிக்காரன் பேச்சு. நமக்கு ஊரு தூத்துக்குடி. எங்க அப்பா நீவாடு, அதான் நீரோட்டம், பாத்துத்தான் வலை விடுவாரு. கடல்ல மீன் கெடக்கு, வலை மடியில விழலன்னா என்ன பிரயோசனம்? கப்பல்காரன் 30 கோடி டன்னையும் சுத்திச் சுத்தியா பிடிக்கான்? அண்டார்டிகா தீபகற்பத்துப் பக்கம், கூட்டம் அடர்த்தியா நிக்கிற இடத்துலதான் வலை போடுதான். குஞ்சை விட்டுட்டு ரொம்பத் தூரம் போக முடியாத பென்குயினும் அங்கதான இரை தேடுது.

அட்லாண்டிக் பக்கத்துக்கு வருஷத்துக்கு 6,20,000 டன்னுன்னு அண்டார்டிகா கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வச்சிருக்கு. இந்தியாவும் அதுல உறுப்பினர்தான். அந்த அளவை நாலு பகுதியாப் பிரிச்சுப் பிடிக்கணும்னு இருந்த விதி 2024ல காலாவதியாயிட்டு. மறுவருசம் ஆகஸ்ட்லயே மொத்த அளவையும் பிடிச்சு முடிச்சு, சீசனை மூடிட்டானுவ. இத நீரோட்டமா செஞ்சுது?

மல்லேஸ்வரம் மீனாட்சி
பாஸ்கர் சார், நீரோட்டம்தான் முடிவு செய்கிறது என்ற உங்கள் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் கிரில் சொந்தமாகப் பெருகி நிலைப்பதில்லை. தீபகற்பத்துப் பக்கம் வளர்ந்தது ஸ்கோஷியா கடல் வழியாக மாதக்கணக்கில் அடித்துக்கொண்டு வரப்பட்டுத்தான் அங்கே சேர்கிறது. பெங்களூருக்குக் காவிரி தூரத்திலிருந்து வருகிற மாதிரிதான். வராத வருஷத்தில் அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? மக்கரோனி பென்குயின் தெமிஸ்டோ என்ற சின்ன உயிரியைத் தின்று சமாளிக்கும். ஜென்டூ பென்குயின் கரையோரம் மட்டுமே இரை தேடுவதால் குஞ்சுகளை இழக்கும்.

வரத்து நீரோட்டத்தை நம்பி இருப்பதால்தான் மேலே, தீபகற்பத்துப் பக்கம், எவ்வளவு எடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

கோரமங்களா குமார்
மேடம், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு காவிரியை இழுக்காதீர்கள். மட்டுறுத்துநர் திரிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார் 😀

பனசங்கரி பாஸ்கர்
அந்தக் கிரிலை வளர்த்தது யார், மேடம்? ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவருவதும் அந்த நீரோட்டம்தானே. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அதில் தாராளம். இரும்புதான் இல்லை, அதனால் பரந்த பகுதிகளில் கிரில் தின்னும் நுண்பாசி சரியாக வளர்வதில்லை. தெற்கு ஜார்ஜியா, கெர்கலன் மாதிரித் தீவுகளை உரசிப் போகிற இடத்தில் இரும்பு கலந்து கடல் பச்சையாகிறது. 2009இல் நம் கோவா கடலியல் நிறுவனமும் ஜெர்மன்காரர்களும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்று 300 சதுர கிலோமீட்டர் கடலில் இரும்பைக் கரைத்தார்களே, எதற்கு?

மல்லேஸ்வரம் மீனாட்சி
அதன் முடிவையும் சொல்லுங்கள் சார். பாசி வளர்ந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் சிலிக்கா குறைவு, கண்ணாடி ஓடு கட்டும் டயட்டம் வகைப் பாசி வளர முடியவில்லை. வளர்ந்த மற்றதைக் கோப்பிபாட் என்ற மிகச் சிறிய மிதவை உயிரிகள் மேய்ந்துவிட்டன, அவற்றைத் தின்ன தெமிஸ்டோ கூடியது. பாசி இழுத்துக்கொள்ளும் கார்பன் எதிர்பார்த்த அளவு ஆழத்துக்குப் போகவில்லை. யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை நீரோட்டம் மட்டும் எழுதுவதில்லை.

திமிங்கிலக் கணக்கும் அப்படித்தான். 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. தின்ன ஆளில்லை, கிரில் பொங்கி வழியும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடந்ததற்குத் தடயமில்லை. திமிங்கிலச் சாணத்தில் இரும்பு ஏராளம் என்பது அதற்கு ஒரு விளக்கம். கிரிலில் இருந்த இரும்பு மறுபடி மேல்மட்டத் தண்ணீருக்கே வந்து பாசிக்கு உரமாகிறது. எனக்கு இந்த விளக்கம் நம்பும்படியாகவே படுகிறது.

கிரிலும் சும்மா மிதக்கிற பொருள் இல்லை. விரல் நீளம், ஊடுருவித் தெரியும் உடம்பு, உள்ளே தின்ற பாசி பச்சையாய்த் தெரியும். அது இரவில் மேலே வந்து மேய்கிறது, பகலில் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் மாறினால் இழுக்கும் நீரோட்டமும் மாறும்.

ஹெப்பால் ஹரி
எல்லாரும் தெற்கேயே நிற்கிறீர்கள். வடக்கே பாஸ்கர் சார் பக்கம் வலு அதிகம். ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், காங்ஸ்ஃப்யோர்டன் கடற்கழியில் 2014இல் இந்தியா கடலை அளக்கும் 'இண்ட்ஆர்க்' கருவித் தொகுதியை இறக்கியது. அதைச் செய்ததில் சென்னை கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்கு உண்டு. அட்லாண்டிக் வெந்நீரோட்டம் உள்ளே வருவதால் 2006 முதல் அந்தக் கடற்கழி பழையபடி உறைவதில்லை. கொழுப்பு நிறைந்த ஆர்க்டிக் கோப்பிபாட் இருந்த இடத்தில், அதே நீரோட்டத்தோடு சின்ன அட்லாண்டிக் வகை வருகிறது. கோப்பிபாட்டைத் தின்னும் லிட்டில் ஆக் பறவை தொண்டைப் பையில் இரையை நிரப்பிக் குஞ்சுக்குக் கொண்டுபோகும். பை நிறைந்தாலும் கொழுப்பு குறைவு. இதில் மீன்பிடிக் கப்பலே கிடையாது.

மாரத்தஹள்ளி தாமஸ்
தம்பி, வெந்நீர் தானா சூடாச்சா? சரி, அது வேற திரி. நீரோட்டத்துக்கு நாம அபராதம் போட முடியாது, கப்பலுக்குப் போடலாம்லா.

பனசங்கரி பாஸ்கர்
குஞ்சு வளரும் கோடையை விட்டுவிட்டு இலையுதிர்காலத்தில் பிடிக்கட்டும். அப்போதும் ஆட்சேபமா?

மல்லேஸ்வரம் மீனாட்சி
ஆமாம் சார். அங்கே இலையுதிர்காலமான ஏப்ரல், மே மாதங்களில் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் தீபகற்பத்து விரிகுடாக்களில் கொழுப்பு சேர்க்கின்றன. கிரில் அங்கே திரண்டு நிற்கிற நேரமும் அதுவே. கடல் தாமதமாக உறைவதால் கப்பல்களும் இப்போதெல்லாம் அந்த மாதங்களுக்கே நகர்ந்திருக்கின்றன.

பனசங்கரி பாஸ்கர்
திமிங்கிலத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மாரத்தஹள்ளி தாமஸ்
பகுதி வாரியா பிரிக்கிற விதியைத் திரும்பக் கொண்டாரட்டும், அப்புறம் பங்கு பேசுவோம்.